மாப்பிள்ளை கட்டிய பெட்டி

கேன்டன், மிஷிகன்
ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம்.

போன வாரம் நீங்கள் போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் "மாப்பிள்ளை, எம் பொண்ணைப் பொட்டிக்குள்ள படுக்க வைக்கிறீங்களாமே?" என்று நீங்கள் ஆரம்பித்ததும் பின்னாலிருந்து அத்தை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று வாயை மூடிக்கொண்டேன். தவிர, தாம்பரம் கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு அளவும் எடையும் கப்ளிங்கும் எழுத்தில் வர வேண்டும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். அத்தைக்குப் படித்துக் காட்டும்போது கிரைண்டர் வரும் இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துப் போகும் இரண்டு சக்கர வண்டி அது. டியர்டிராப் டிரெய்லர் என்பார்கள். எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். முகப்பு உருண்டு மேலேறும், முதுகு சரிந்து கீழே இறங்கும். உள்ளே மெத்தை மட்டும். உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கதவு. பின்பக்க மூடியை மேலே தூக்கி நிறுத்தினால் சமையலறை: மேடை, அடுப்பு, தட்டு அடுக்க அலமாரி, ஐஸ்பெட்டி. சமைப்பவர் வெளியே தரையில் நின்றுதான் சமைக்க வேண்டும். ஆறுபடை வீடு டூரிஸ்ட் வேனில் போகும்போது வழியில் புளியமரத்தடியில் நிறுத்தி, டிக்கியிலிருந்து அடுப்பையும் அண்டாவையும் இறக்கித் தக்காளி சாதம் கிளறுவோமே, அந்த டிக்கியை ஒழுங்காக இழைத்து அலமாரி அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி.

எனக்கு மயக்கமே இந்த ஏற்பாட்டின் மேல்தான். இந்த ஊரில் பஸ் அளவுக்குக் கேரவன்கள் உண்டு. சோபா, டி.வி., ஏ.சி. எல்லாவற்றையும் உள்ளே அடைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கிரிக்கெட்டுக்குப் பதிலாக பேஸ்பால் பார்க்கிறார்கள். அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். நம் பெட்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தூக்கம் வந்தால் உள்ளே, மற்ற நேரமெல்லாம் மரத்தடி.

இந்தக் கிறுக்கைக் கண்டுபிடித்தது நான் இல்லை. 1930களில் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் லூயிஸ் ராஜர்ஸ் என்பவர் தன் தேன்நிலவுக்காக இப்படி ஒன்றைக் கட்டினார் என்பார்கள். கவனியுங்கள் மாமா, தேன்நிலவுக்கு. ஆரம்பமே ஒரு புது மாப்பிள்ளை புதுப்பெண்ணைப் பெட்டிக்குள் படுக்கவைத்ததில்தான். அவருடைய மாமனார் என்ன சொன்னார் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் விமானத்துக்கென்று உருட்டிய அலுமினியத் தகடு மிஞ்சியது. ஊர் திரும்பிய சிப்பாய்களுக்குக் கையில் காசு குறைவு, ஊர்சுற்றும் ஆசை நிறைய. தகடு பெட்டிக்கு மேல்தோலானது. 1947-ல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்ற பத்திரிகை, கொல்லைப்புறத்தில் தானே கட்டிக்கொள்ள வரைபடமே போட்டுவிட்டது. பிறகு கார்கள் பெருத்தன, கேரவன்களும் பெருத்தன, இதை மறந்தார்கள். கொஞ்ச காலமாகத்தான் என்னைப் போன்றவர்கள் மறுபடி தூசி தட்டி எடுத்திருக்கிறோம்.

அந்த விமானங்களில் பலவற்றைச் செய்த இடம் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். வில்லோ ரன் என்று பெயர். போர்க்காலத்தில் ஃபோர்டு கம்பெனி அங்கே பி-24 குண்டுவீச்சு விமானங்களை எட்டாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளியது. வேகம் உச்சத்தில் இருந்தபோது மணிக்கு ஒரு விமானம். நான் ஒரு சமையலறை மூடிக்குக் கீல் போட எடுத்துக்கொண்ட நேரத்தை உங்கள் மகள் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மறைமலை நகர் ஃபோர்டில் வேலை பார்த்தவன் இந்த ஊருக்கு வந்தால் இப்படியெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஹென்றி ஃபோர்டே பெரிய கேம்பிங் பைத்தியம், தெரியுமா? எடிசன், டயர் கம்பெனி ஃபயர்ஸ்டோன், எழுத்தாளர் ஜான் பரோஸ் இவர்களோடு 1915 முதல் சுமார் பத்து வருஷம் பெரும்பாலான கோடைகளில் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். 1921-ல் அமெரிக்க ஜனாதிபதி ஹார்டிங்கே போய்ச் சேர்ந்துகொண்டார். காட்டுவாசம் என்றதும் கட்டுச்சோற்று மூட்டை என்று நினைத்துவிடாதீர்கள். சமையலுக்கென்று தனி லாரி, கூடவே சமையல்காரர், நடுவில் சுழலும் பெரிய வட்ட மேசை, கூடாரத்துக்குள் எடிசன் பேட்டரியில் மின்விளக்கு. அந்தச் சமையல் லாரியை டியர்போர்னில் உள்ள ஃபோர்டு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வரும்போது காட்டுகிறேன். அங்கேயே விமானி லிண்ட்பர்க்குக்கு ஃபோர்டு கொடுத்த இழுவண்டி வீடும் நிற்கிறது.

"வெள்ளைக்காரன் கிறுக்கு நமக்கெதுக்கு" என்றீர்கள். நம் நாமக்கல் பிள்ளை அருண் பிரபு ஆட்டோவின் முதுகில் ஒரு வீட்டையே ஏற்றியது மறந்துவிட்டதா? கட்டடக் கலை படித்தவர். மொத்தம் 36 சதுர அடி. அதற்குள் படுக்கை, அடுப்படி, குளியலறை, மேலே தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு. செலவு சுமார் ஒரு லட்சம்தான். 2021-ல் ஆனந்த் மகிந்திராவே பாராட்டி எழுதியதும் நாடெல்லாம் படம் சுற்றியது. என் பெட்டி 32 சதுர அடி, குளியலறையும் கிடையாது. ஆக, நாமக்கல்தான் முன்னால் நிற்கிறது, நான் பின்னால் வருகிறேன்.

"நம்ம குடும்பத்துல யாருய்யா உளி புடிச்சாங்க?" என்றும் கேட்டீர்கள். குடும்பத்தை விடுங்கள், வட்டாரத்தைப் பாருங்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைப் பொறுக்கியெடுத்தது எங்கே? பல்லாவரத்தில். தாம்பரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில் நம் ஆட்கள் கருவி பிடிக்க ஆரம்பித்து லட்சக்கணக்கான வருஷம் ஆகிறது. நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

நானே உளி பிடித்ததற்கு உண்மையான காரணம் வேறு. இங்கே ஆசாரி கிடையாது. சேலையூரில் என்றால் ஒரு போன். வருவார், பென்சிலைக் காதில் செருகுவார், "ஆயிடும் சார்" என்பார், டீ வரும், முன்பணம் போகும், பத்து நாள் ஆளைக் காணோம் என்று நாம் புலம்புவோம். ஆனால் கடைசியில் கதவு கதவாக இருக்கும். இந்த ஊரில் மரவேலைக்கு ஆளைக் கூப்பிட்டால் அவர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்கே ஒரு தொகை சொல்கிறார். அந்தக் காசில் ஒரு வட்ட ரம்பமும் ஒரு டிரில்லும் வாங்கிவிடலாம். அமெரிக்காவில் எல்லாரும் கைவேலைக்காரர்களாக இருப்பது ஆர்வத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூலியைக் கேட்டால் யாருக்கும் ஆர்வம் வரும்.

பலகை விஷயத்தில் உலகம் ஒன்றே. நம் வேளச்சேரி ரோடு பிளைவுட் கடையில் எட்டுக்கு நாலு என்று கேட்பது போல இங்கேயும் எட்டுக்கு நாலுதான். வண்டியின் அளவே அதிலிருந்து வந்தது. முக்கால் அங்குல பிளைவுட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷீட். அதில் வளைவை வரைந்து அறுத்தால் சுவர் முடிந்தது. கீழே சட்டம் மட்டும் நான் செய்ததில்லை. உதிரியாக விற்கும் எட்டுக்கு நாலு டிரெய்லர் சேஸிஸை வாங்கி போல்ட் முடுக்கிக்கொண்டேன். வெல்டிங் என் சுபாவத்துக்கு ஒத்துவராது.

அகலம்தான் சிக்கல். நாலடியில் இரண்டு சுவர் போக உள்ளே மிஞ்சுவது 46 அங்குலச் சொச்சம். இரண்டு பேர் படுக்க வேண்டும். "இது கட்டிலா, பெஞ்சா?" என்றாள் உங்கள் மகள். மீட்டர் கேஜ் தண்டவாளத்தைவிட ஏழு அங்குலம் அகலம், அதன்மேல்தான் 1931 முதல் 2004 வரை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஊரே மின்சார ரயிலில் போய்வந்தது, உன் அப்பா அதில்தான் பென்ஷன் வாங்கினார் என்று நான் சொன்ன பிறகு மறுபேச்சு வரவில்லை. உங்கள் இலாகாவுக்கு இந்த வீட்டில் அவ்வளவு மரியாதை.

அத்தை மனையடி பார்க்கச் சொன்னதாகத் தகவல் வந்தது. பார்த்தேன். நீளம் எட்டடி நல்ல அளவாம். அகலத்துக்குப் பலன் தேடினால், நம் வீட்டு நாள்காட்டியின் பின்பக்கத்தில் கணக்கே ஆறடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நாலடியில் மனிதர் வசிப்பார் என்று சாஸ்திரக்காரர் நினைத்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. வாசல் எந்தத் திசை என்றும் கேட்டார்களாம். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தத் திசை. தேவைப்பட்டால் வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வசதி வேறு எந்த வீட்டில் உண்டு?

சேஸிஸ் வந்திறங்கியது ஆயுத பூஜை சமயத்தில். ரம்பம், டிரில், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சை வைத்தோம். பூசணிக்காய்தான் பிரச்சினை என்று நினைத்தேன். பார்த்தால் அக்டோபரில் இந்த ஊரில் வாசலுக்கு வாசல் பூசணிக்காய்தான். ஹாலோவீன் பண்டிகைக்காக ஆரஞ்சு நிறத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் துளைத்துக் குங்குமம் நிரப்பி நான் ரோட்டில் போட்டு உடைத்ததும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிவிட்டு, தங்கள் வீட்டுப் பூசணியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் அம்மா தடுத்திராவிட்டால் அந்தத் தெருவின் திருஷ்டி முழுவதும் அன்றோடு கழிந்திருக்கும்.

தெரு என்றதும் ஒன்று. தாம்பரத்தில் வாசலில் ஒருவன் ஆணி அடித்தால் ஐந்தாவது நிமிஷத்தில் நாலு பேர் நிற்பார்கள். ஒருவர் ஆணி சின்னது என்பார், ஒருவர் பலகை ஈரம் என்பார், ஒருவர் தன் மைத்துனர் இதே வேலை செய்து கையைக் கிழித்துக்கொண்ட கதையைச் சொல்வார். இங்கே மாதக்கணக்காக நான் அறுத்தும் இழைத்தும் ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. கையசைப்பார்கள், போய்விடுவார்கள். பனிக்காலம் ஆரம்பித்த பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுத் தாத்தா மெதுவாக வந்து, இவ்வளவு நாளாகக் கேட்கக் கூடாதென்று இருந்தேன், இது படகா கோழிக்கூண்டா என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், ஒரு கூடை நிறைய இரும்புப் பிடிச்சட்டங்களைத் தூக்கிவந்து வைத்தார். அவர் ஓய்வுபெற்ற டூல் மேக்கர். அன்று முதல் தினமும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து குற்றம் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

காலனிச் சங்கத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. வாசலில் டிரெய்லர் நிறுத்தக் கூடாது, கண்ணில் படாமல் வைக்கவும் என்று. ஆகவே பனிக்காலம் முழுவதும் பெட்டி ஷெட்டுக்குள் ஹீட்டர் போட்டுச் சுகமாக இருந்தது, கார் வெளியே பனியில் நனைந்தது. ஹீட்டர் ஆடம்பரம் இல்லை மாமா. பத்து டிகிரிக்குக் கீழே போனால் மரப்பசை பிடிக்காது, வெள்ளையாகப் பொடிந்துவிடும். பிப்ரவரியில் இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எங்கோ கிடக்கும். முடிச்சூரில் ஃபெவிகால் டப்பாவை வெயிலில் வைத்துவிட்டால் இறுகுமே என்று பயப்படும் உங்களுக்கு இந்தக் கவலையைப் புரியவைப்பது கடினம்.

கூரைதான் கலை. சுவரின் வளைவுக்கு மேல் குறுக்கே ரீப்பர் சட்டங்கள் அடித்து, அதன்மேல் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டை வளைத்துப் படியவைக்க வேண்டும். காய்ந்த பலகை வளையாது, படீரென்று உடையும். வெந்நீரில் நனைத்த துண்டுகளைப் போர்த்தி ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி இழுத்தால் கன்றுக்குட்டி போல வரும். ஆவி கொடுத்தால் இன்னும் சுலபம் என்று உங்கள் மகளின் இட்லிப் பானையைக் கேட்டேன். கிடைக்கவில்லை. சட்டங்களுக்கு நடுவே தெர்மாகோல் மாதிரியான அடர்ந்த பலகையை நிரப்பிவிட்டு, உள்பக்கம் இன்னொரு மெல்லிய பலகை. வெயிலும் குளிரும் அதில் தடைபடும்.

இனிமேல் எழுதப்போவது கொஞ்சம் தர்மசங்கடமான சமாசாரம். பலகையின் மேல் மழை இறங்காமல் ஏதாவது போர்த்த வேண்டும். அலுமினியத் தகடு விலை கேட்டேன், வந்துவிட்டேன். கைக்காசு குறைந்தவர்கள் பின்பற்றும் வழி ஒன்று இருக்கிறது: தண்ணீர் தாங்கும் மரப்பசையைப் பூசி, அதன்மேல் கெட்டிப் பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, துணிக்கு மேலும் பசையை நனையப் பூசிக் காயவிட்டு, வெளிச்சுவர் பெயிண்டை நாலைந்து கோட் அடிப்பது. துணியும் பசையும் பெயிண்டும் சேர்ந்து ஒரே தோலாகிவிடும். கேன்வாஸ்தான் போடுவார்கள். இங்கே கிடைத்த கேன்வாஸெல்லாம் நடுவில் தையல் போட்டு வந்தது. தையலில் தண்ணீர் இறங்கும்.

அப்போதுதான் அலமாரியில் நீங்கள் தலைதீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த எட்டு முழ வேட்டி கண்ணில் பட்டது. அகலம் 50 அங்குலம். வண்டியின் அகலம் 48. பக்கத்துக்கு ஓர் அங்குலம் மடித்து ஒட்டவும் இடம் விட்டு, அளவெடுத்து நெய்த மாதிரி. முகப்பின் அடியிலிருந்து ஏறி, கூரையைத் தாண்டி, பின்மூடி ஆரம்பிக்கும் இடம்வரை ஒரே துண்டாக வந்து, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. நல்ல நெருக்கமான நெசவு மாமா. பசையை அப்படியே குடித்துக்கொண்டது. நாலு கோட் பச்சை பெயிண்டுக்குப் பிறகும் சாய்ந்த வெயிலில் பார்த்தால் வலப்பக்கம் கரை லேசாகத் தெரியும். அந்த வேட்டியை நான் கட்டியிருந்தால் வருஷத்துக்கு இரண்டு நாள் பொங்கல், தீபாவளி என்று போயிருக்கும். இப்போது உங்கள் மகளுக்கு மழை படாமல் காக்கிறது. மரியாதைக் குறைவு என்று நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

"மூச்சு முட்டாதா?" என்றீர்கள். நியாயமான கேள்வி. மூடிய பெட்டியில் இருவர் விடும் மூச்சே விடிவதற்குள் சுவரில் வேர்த்து வழியும். அதற்குக் கூரையில் காற்றாடி வைக்க வேண்டும். இங்கே எல்லாக் காற்றாடிக்கும் ஒரே அளவு, 14 அங்குலச் சதுர ஓட்டை. காய்ந்து கெட்டியாகி, ஒரு சுருக்கமில்லாமல் பளபளவென்று நின்ற வேட்டியின் நடுவே ரம்பத்தை இறக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் இலாகா. காரின் பின்னால் இரண்டு அங்குல இரும்புக் குண்டு. வண்டியின் மூக்கில் அதைக் கவ்வும் கிண்ணம், மேலே தாழ். அது கழன்றால்? அதற்காக இரண்டு சங்கிலி, இடதை வலதிலும் வலதை இடதிலுமாக மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளிங் விட்டுப்போனாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். நாலு கம்பி மின் இணைப்பு: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. எங்கள் சின்னக் கார் 1,500 பவுண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது, அதாவது 680 கிலோ. பெட்டி சாமானோடு சுமார் 500 கிலோ. இவ்வளவு லேசான வண்டிக்குத் தனி பிரேக் இங்கே கேட்பதில்லை.

அத்தைக்குப் படிக்கக் கூடாத இடம் இதுதான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் மூக்கில் உட்கார வேண்டும். 500 கிலோவுக்கு 50 முதல் 75 கிலோ. அதற்குக் குறைந்தால் வால் கனத்து, வேகம் எடுத்ததும் வண்டி இடமும் வலமுமாக ஆடும். காரையும் சேர்த்து ஆட்டும். நான் கணக்குப் போட்டு அச்சை வைத்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிறகு உங்கள் மகள் சமையலறையில் சாமான் அடுக்கினாள். இரும்பு தோசைக்கல், குக்கர் இரண்டு, அஞ்சறைப் பெட்டி, அத்தை கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தனுப்பிய கிரைண்டர். எல்லாம் அச்சுக்குப் பின்னால். குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து மூக்குக்கு அடியில் வைத்தோம். முள் ஐம்பதுக்குக் கீழே நின்றது. கிரைண்டரை விட்டுவிட்டுப் போகலாமே என்று மட்டும்தான் நான் சொன்னேன். அதன் பிறகு ஒரு மணி நேரம் நடந்ததை எழுத வேண்டாம். தீர்வு என்னவென்றால் பேட்டரி, தண்ணீர்க் கேன், பத்து கிலோ அரிசி மூன்றையும் மூக்கின் மேலேயே ஒரு பெட்டி செய்து அதற்குள் வைத்தேன். இப்போது முள் அறுபதுக்கு மேல். காட்டுக்குள் அரைத்த மாவு கிடைக்கிறது, வண்டியும் ஆடவில்லை.

இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குச் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்று மந்திரி பதவி மாதிரிப் பெயர். வீட்டில் செய்த டிரெய்லர் என்றதும் அந்த அம்மாள் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. 2,500 பவுண்டுக்கு உட்பட்ட டிரெய்லருக்கு உரிமைப் பத்திரம் வேண்டாம், நம்பர் பிளேட் மட்டும், அதுவும் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். வெளியே புரோக்கர் யாரும் இல்லாததால் அரைமணி நேரம் எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

முதல் பயணம் ஸ்லீப்பிங் பேர் மணல்மேட்டுக்கு. மிஷிகன் ஏரிக்கரை. ஏரி என்றால் நம் செம்பாக்கம் ஏரி இல்லை, மறுகரை தெரியாது. பெட்டியை நிறுத்தி மூடியைத் தூக்கியதுமே கூட்டம். நாற்பதடி கேரவன்காரர்கள் தங்கள் மாளிகையை விட்டு இறங்கி வந்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன மரம், இது என்ன பெயிண்ட் என்று விசாரித்தார்கள். என்ன துணி என்று ஒருவர் கேட்டார். மாமனார் கொடுத்தது என்றேன். மறுநாள் காலை பொடி தோசை வாசனைக்கு இன்னொரு கூட்டம். ஆளுக்கு ஒன்று கொடுத்ததில் மாவு தீர்ந்தது. கிரைண்டர் வந்தது எவ்வளவு நல்லது என்று உங்கள் மகள் என்னைப் பார்த்தாள்.

இரவில் ரக்கூன் வந்தது. பூனையைவிடப் பெரிய உருவம், முகத்தில் திருடன் கட்டிய மாதிரிக் கறுப்புப் பட்டை, மனிதக் கை மாதிரியே கை. ஐஸ்பெட்டிக் கொண்டியைத் தானே திறந்து, சாப்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, அத்தை கொடுத்தனுப்பிய கூழ்வடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அத்தையின் கைமணத்துக்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.

விறகு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. அங்கேயே வாங்க வேண்டும். ஆசியாவிலிருந்து ஒரு பச்சை வண்டு வந்திறங்கி ஆஷ் மரங்களையெல்லாம் அரித்துத் தள்ளிவிட்டது. அதை முதலில் கண்டுபிடித்தது 2002-ல், எங்கள் டெட்ராய்ட் பக்கத்தில்தான். விறகோடு ஊர் ஊராகப் பரவுகிறதாம். ஆசியாவிலிருந்து வந்து மிஷிகனில் வேரூன்றியவர்கள் நாங்கள் மட்டும் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழிப்பறை பெட்டியில் இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். உங்கள் பேத்தி இந்த ஏற்பாட்டை மனித உரிமை மீறல் என்கிறாள். அவள் தனிக் கூடாரத்தில் தூங்குகிறாள். பள்ளித் தோழிகளிடம் பெட்டியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"வெள்ளத்துல மிதக்குமா?" என்று சின்ன மாமா கேட்டதாகச் சொன்னீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிவரை தண்ணீர் வந்து படகில் இறங்கியவர் கேட்கும் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. கதவு இடுக்கில் தண்ணீர் புகும்வரை மிதக்கும். அதற்கு மேல் உத்தரவாதம் தரமாட்டேன்.

உங்களிடம் ஒரு தொழில் உதவி வேண்டும். பின்மூடியின் கீல் நாலடி நீளத்துக்கும் ஒரே பட்டை. பெருமழையில் அதன் இரண்டு ஓரத்திலும் சொட்டு இறங்குகிறது. சொட்டுவது நேராகக் கிரைண்டர் மேல். ரப்பர் பீடிங் ஒட்டிப் பார்த்தேன், குளிரில் விறைத்துப் பிளந்துவிட்டது. இங்கே எல்லாரும் இன்னும் கொஞ்சம் பசை அப்பு என்கிறார்கள். ரயில் பெட்டிக் கதவுக்கு மேலே மழைத்தண்ணீரை ஓரமாக வழித்துவிட ஒரு தகடு மடித்து வைப்பார்களே, அதன் மடிப்பு எப்படி இருக்கும், எத்தனை அங்குலம் வெளியே நீளும், ஓரத்தில் எப்படி முடிப்பீர்கள் என்று படம் போட்டு அனுப்புங்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். உங்கள் படம் வரும்வரை கையை வைக்காதே என்கிறார்.

வருகிற மே மாதம் நீங்களும் அத்தையும் வரும்போது பெட்டி உங்களுக்கு, கூடாரம் எங்களுக்கு. 46 அங்குலத்தை அத்தையிடம் டிக்கெட் போட்ட பிறகு சொன்னால் போதும்.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை

அப்பா, நான்தான். இவர் எழுதியதை முழுசும் படித்தேன். கிரைண்டரை விட்டுவிட்டுப் போகலாம் என்று "மட்டும்தான்" சொன்னேன் என்பது பொய். வேறு இரண்டு வார்த்தையும் சொன்னார். மற்றபடி பெட்டியில் நல்லாத் தூக்கம் வருது. அம்மாவைக் கூழ்வடகம் இன்னும் கொஞ்சம் பிழியச் சொல்லுங்கள். வேட்டி எடுத்துக்கொண்டு வராதீர்கள். கண்டிப்பாக வராதீர்கள். நேற்று பத்தடியில் ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தார்.